இரவில் லோக்கப், காலையில் அலுவலகம்: சர்ச்சை வழக்குகளைத் தொடும் இளம் வழக்கறிஞர்கள்

2009-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி இரவு. பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்தின் வாசலில் ஐந்து வழக்கறிஞர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே 14 பேர் பிடித்து வைக்கப்பட்டிருந்தனர். தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் கைதான வோங் சின் ஹுவாட்டுக்கு ஆதரவாக மெழுகுவர்த்தி ஏந்தக் கூடியவர்கள் அந்த 14 பேரும். அவர்களைப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்பதுதான் வழக்கறிஞர்களின் கோரிக்கை.

கோரிக்கை ஏற்கப்படவில்லை. கலைந்து போகும்படி காவல்துறை உத்தரவிட்டது. பிறகு, அந்த ஐவருமே சட்டவிரோதமாகக் கூடியதாகக் கைது செய்யப்பட்டார்கள். கைதானவர்களைப் பார்க்க வந்தவர்கள் அன்றிரவை லோக்கப்பிலேயே கழித்தார்கள்.

ஃபடியா நட்வா ஃபிக்ரி, முர்னி ஹிடாயா அனுவார், புஸ்பாவாதி ரோஸ்மான், ஷுஹைனி சஃப்வான், ரவீந்தர் சிங் டாலிவால் ஆகியோரே அந்த ஐவர். யாரும் அன்று தங்கள் நிறுவனத்தின் வேலையாக அங்கே போகவில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்காக, கட்டணம் எதுவும் இல்லாமல் போனவர்கள். மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பின்னர் இதைப் பற்றிப் பொது விசாரணை நடத்தியது. கைதானவர்களுக்கு வழக்கறிஞர் கிடைக்க வேண்டிய உரிமை அன்று மீறப்பட்டது என்பதே அதன் முடிவு.

இந்தச் சம்பவம் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அதிலிருந்து எழும் ஒரு கேள்வி இன்றும் அம்பாங் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தாமான்களிலும் கேட்கிறது. பிள்ளையை வழக்கறிஞராக்கியிருக்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி அது. "படிச்சு முடிச்சு இப்பதான் வேலைக்குப் போறே. இந்தப் பொல்லாப்பு கேஸெல்லாம் உனக்கு எதுக்கு?"

ஒன்பது மாதம், ஒரே சம்பளம்

பெற்றோரின் பயத்தைக் கேலி செய்ய முடியாது. தனியார் கல்லூரியில் சட்டம், அல்லது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம், அதன் பிறகு சி.எல்.பி. தேர்வு என்று நம் பிள்ளைகள் பலர் சுற்று வழியில்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அந்தச் செலவை ஈடுகட்ட இபிஎஃப் பணத்தை எடுத்தவர்கள், நகையை அடகு வைத்தவர்கள் எல்லாம் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் சேம்பரிங் எனப்படும் பயிற்சிக் காலம். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி இது ஒன்பது மாதம். குறைந்தது ஏழு ஆண்டு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரை 'மாஸ்டர்' ஆகக் கொண்டு அவருக்குக் கீழ் பயிற்சி பெற வேண்டும். இந்தக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு வேலை எதையும் பார்க்க முடியாது. பகுதி நேர வேலைக்கும் இதே விதிதான். அதாவது மாலையில் டியூஷன் எடுத்தோ, இரவில் கிரேப் ஓட்டியோ கைச்செலவைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. நிறுவனம் கொடுக்கும் உதவித் தொகை மட்டுமே வருமானம். அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கோலாலம்பூரில் அறை வாடகைக்கும் ரயிலுக்கும் போதாத இடங்களும் உண்டு.

இதே காலத்தில்தான் சட்ட உதவிப் பணியும் வருகிறது. கோலாலம்பூர் போன்ற இடங்களில் பயிற்சி வழக்கறிஞர்கள் சட்ட உதவி மையத்தில் குறிப்பிட்ட நாட்கள் பணியாற்ற வேண்டும். உதவி தேடி வருவோரின் கதையைக் கேட்டு எழுதுவது, சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திப்பது, வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் முன் நிற்பவருக்காக ஜாமீனோ தண்டனைக் குறைப்போ கேட்க உதவுவது ஆகியவை அங்கே நடக்கும் வேலைகள்.

பெரும்பாலோருக்கு அந்த நாட்கள் முடிந்ததும் அந்த வாசல் மூடிவிடும். சிலருக்கு மூடுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இளம் வழக்கறிஞர்களின் முதல் பயம், "இந்த மாதிரி வழக்கில் பெயர் அடிபட்டால் என்னை வழக்கறிஞராக ஏற்றுக்கொள்வார்களா?" என்பது. இதற்குச் சட்டம் தரும் பதில், பலர் நினைப்பதைவிட ஆறுதலானது.

பயிற்சியை முடித்தவர் வழக்கறிஞராக ஏற்கப்பட உயர்நீதிமன்றத்தில் மனு செய்கிறார். அந்த மனு சட்டத்துறைத் தலைவருக்கும் வழக்கறிஞர் மன்றத்துக்கும் மாநிலக் குழுவுக்கும் போகும். அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மனுதாரர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்றும், இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவராக்கும் வகையிலான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது என்றும் 11-ஆம் பிரிவு சொல்கிறது. மோசடி, நேர்மையின்மை சார்ந்த குற்றங்களை அது குறிப்பாகச் சுட்டுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'தண்டிக்கப்பட்டிருத்தல்'. கைதாவது வேறு, குற்றம் நிரூபிக்கப்படுவது வேறு. காவல் நிலையத்தில் ஓர் இரவு இருந்தது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்கிவிடாது. பிறருடைய வழக்கில் வாதாடியது அதற்குக் காரணமாகவே ஆக முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1978-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் நடைமுறை, ஒழுக்க விதிகளில் இரண்டாவது விதி, தாம் தொழில் புரியும் நீதிமன்றத்தில் வரும் வழக்கை முறையான கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்வதே வழக்கறிஞரின் கடமை என்கிறது. தனிப்பட்ட சூழ்நிலை இருந்தால் மறுக்கலாம். ஆனால் பொது விதி ஏற்பதுதான், மறுப்பது விலக்கு. கட்சிக்காரரை ஊருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவருக்கு வழக்கறிஞர் இல்லாமல் போகக்கூடாது என்பதே இதன் பொருள். கைது செய்யப்பட்டவர் தாம் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) பிரிவும் உறுதி சொல்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, அந்த வழக்கறிஞர் நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு வந்து சேரவும் வேண்டும்.

ஆகவே தடை சட்டத்தில் இல்லை. ஒரு காலத்தில் வேறு விதமான தடை இருந்தது. அதை இன்றைய பயிற்சி வழக்கறிஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகம்தான்.

1977-இல், துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பாதுகாப்பு வழக்குகளுக்கென இருந்த தனி விதிகளின் கீழ் நடந்த விசாரணை அது. நாடே அதிர்ந்தது. அந்த விதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் ஆஜராக வேண்டாம் என்று வழக்கறிஞர் மன்றம் தன் உறுப்பினர்களுக்கு ஆலோசனை கூறித் தீர்மானம் போட்டது. அதைத் தொடர்ந்து தொழில் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களில் ஒன்றுதான் 46ஏ பிரிவு. ஏழு ஆண்டு அனுபவம் நிரம்பாத வழக்கறிஞர்கள் மன்றத்திலும் மாநிலக் குழுக்களிலும் பொறுப்பு வகிக்க முடியாது என்றது அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1987-இல் வெளிவந்த தீர்ப்பு, சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2006-இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு, இளம் வழக்கறிஞர் வேலை செய்யலாம், சந்தா கட்டலாம், தலைமையில் மட்டும் உட்கார முடியாது. இளையவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்களுக்கு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல் அலுவலகத்தில்

இன்றைய சிக்கல், பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது.

அம்பாங் மக்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பரில் கம்போங் பெரெம்பாங் குடியிருப்பில் வீடுகள் உடைக்கப்பட்டன. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் இயந்திரங்களோடு வந்தது. இப்படி ஒரு வெளியேற்றம் நடக்கும்போது குடியிருப்பாளர்கள் ஒரு பக்கம், நில உரிமையாளரோ மேம்பாட்டாளரோ மறுபக்கம், ஊராட்சி மன்றம் இன்னொரு பக்கம். மேம்பாட்டாளருக்கு நிலப் பத்திரம் எழுதும் நிறுவனத்தில் ஒரு பயிற்சி வழக்கறிஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரவில் குடியிருப்பாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? நல்ல எண்ணம் என்பது இங்கே பதிலாகாது. ஒரே அலுவலகம் இரு தரப்புக்கும் வேலை செய்வது நல முரண்பாடு. கட்சிக்காரரின் இரகசியம் கசிந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தால், பாதிக்கப்படுவது அந்த இளைஞர் மட்டுமல்ல, அவர் உதவ நினைத்த குடும்பங்களின் வழக்கும்தான்.

எனவே, மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது ஒன்றே வழி. படம் பத்திரிகையில் வந்த பிறகு சொல்வதும், வரும் முன் சொல்வதும் ஒன்றல்ல. எதிர்த்தரப்பு யார், அவர் நிறுவனத்தின் கட்சிக்காரரா, வேலை நேரத்தில் எத்தனை மணி நேரம் போகும், நிறுவனத்தின் பெயர் வெளியே வருமா என்ற நான்கு விஷயங்களையும் பேசித் தெளிவாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மறுக்கும் மாஸ்டரும் இருப்பார். மறுப்பதற்கு அவருக்குக் காரணமும் இருக்கலாம். நாளைக்கு வங்கி தன் கோப்புகளைத் திரும்பக் கேட்டால், சம்பளம் போட வேண்டியவர் அவர். ஆனால் எதையும் கேட்காமலேயே "அரசியல் வழக்கா? வேண்டாம்" என்று ஒதுக்கும் பழக்கம் நம் தொழிலில் சற்று அதிகம்தான்.

அம்பாங்வாசிகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அம்பாங் ஜெயா செலாங்கூரைச் சேர்ந்தது. எல்.ஆர்.டி.யில் சில நிறுத்தம் தாண்டினால் கூட்டரசுப் பிரதேசம். ஒரே சாலையில் இந்தப் பக்கம் பிடிபட்டவர் அம்பாங் நீதிமன்றத்துக்குப் போவார், அந்தப் பக்கம் பிடிபட்டவர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போவார். வழக்கறிஞர் குழுவும் வேறு, சட்ட உதவி மையமும் வேறு. தொண்டூழியம் செய்ய வரும் இளைஞர், தாம் எந்தக் குழுவின் கீழ் போகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரம் என்ற கடன்

சம்பளம், மாஸ்டர் இரண்டையும் சமாளித்தவர்களைக்கூட வீழ்த்துவது நேரம்தான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின் கீழ், விசாரணைக்காக ஒருவரைத் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள். அதைவிடக் கடுமையானதென்றால் ஏழு, பிறகு இன்னொரு ஏழு. அந்த உத்தரவு கேட்கப்படும் காலை நேரத்தில் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தால், "நான்கு நாள் எதற்கு? இரண்டு நாள் போதாதா?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்குப் பெரிய அனுபவம் தேவையில்லை. ஆனால் அந்தக் காலை, அந்த நேரத்தில், அங்கே இருக்க வேண்டும். அதே காலையில் அலுவலகத்தில் ஒரு கடன் பத்திரம் கையெழுத்தாக வேண்டியிருக்கும்.

இது ஒரு காலையோடு முடியும் வேலை. முடியாதவையும் இருக்கின்றன. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவல்துறையின் தடுப்பில் இருந்தபோது இறந்த 22 வயது ஆ. குகனை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய தாயார் தொடுத்த வழக்கில் ஆர். சிவராசா, என். சுரேந்திரன் போன்ற வழக்கறிஞர்கள் துணை நின்றார்கள். உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் தீர்ப்பளித்தது 2013 ஜூனில். காவல்துறையும் அரசாங்கமும் பொறுப்பு என்று கூறி, 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். மகன் இறந்து நான்கு ஆண்டுக்கும் மேலாகியிருந்தது. அதன் பிறகும் மேல்முறையீடுகள். முதல் மாதத்தில் வாசலில் கேமராக்கள் நிற்கும். நான்காம் ஆண்டில் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஷா ஆலாமுக்கும் புத்ராஜெயாவுக்கும் போகிறவரை யாரும் படமெடுப்பதில்லை.

2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்து, சட்டம் படிக்க வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள் இங்கேயும் உண்டு. நல்லதுதான். அந்தப் படத்துக்கு அடிப்படையான வழக்கை நடத்திய சந்துரு, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானவர். மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் வாங்காதவர் என்று பெயர் பெற்றவர். இரண்டரை மணி நேரப் படத்தில் முடிந்துவிடுகிற வழக்கு உண்மையில் 1993-இல் தொடங்கியது, தீர்ப்பு 2006-இல். இடையிலிருந்த பதின்மூன்று ஆண்டும் அந்த அலுவலகத்துக்கு வாடகை யார் கட்டினார்கள் என்பதைத் திரைக்கதை காட்ட வேண்டிய கட்டாயமில்லை. தொழிலைத் தொடங்கும் இளைஞர் அந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

தனியாகப் போனவர்கள், கூட்டாகப் போனவர்கள்

2007 நவம்பர் 25. ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி ஹிண்ட்ராஃப் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட நாள். அதற்கு மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 13-ஆம் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பி. உதயகுமார், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், வீ. கணபதிராவ், தி. வசந்தகுமார் ஆகிய ஐவர் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஐவரில் முதல் நால்வரும் வழக்கறிஞர்கள். கமுந்திங் முகாமுக்குப் போனவர்களின் கோப்புகள், கட்சிக்காரர்கள், அலுவலகம், வீட்டுக் கடன் எல்லாம் இங்கேயே நின்றன.

அவர்கள் பிறகு போன வழிகள் வெவ்வேறு. மனோகரன் காவலில் இருந்தபடியே 2008 மார்ச்சில் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். கணபதிராவ் செலாங்கூர் ஆட்சிக்குழுவில் இடம்பெற்று, 2022-இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். உதயகுமாருக்கு 2013-இல் தேச நிந்தனை வழக்கில் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரே முகாமில் இருந்தவர்களில் ஒருவருக்குப் பதவி, இன்னொருவருக்கு மறுபடியும் சிறை. இதைப் பார்த்துத் தொழில் கணக்குப் போட முடியாது.

ஆனால் அதே மாதத்தில், பத்து மலையில் நடந்த கலவரத்தின் தொடர்பில் 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சுமத்தப்பட்டபோது நடந்தது வேறு. அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் ஒரு நாயகர் அல்ல. ஒரு பட்டாளமே நின்றது. அரசியல்வாதிகளான வழக்கறிஞர்கள், மூத்தவர்கள், இளையவர்கள் எல்லாம் சேர்ந்து பங்கு போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 17-ஆம் தேதி, கொலை முயற்சிக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது.

2011 ஜூலை 9, பெர்சே பேரணி நாளில் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கைதானார்கள். அத்தனை பேருக்கும் எத்தனை வழக்கறிஞர் போவது? முறை வைத்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை. சட்ட உதவி மையம், கைது நேரத்தில் ஓடும் வழக்கறிஞர் குழு, 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் ஆகிய அமைப்புகள் இளம் வழக்கறிஞருக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான். இந்த வாரம் திங்கள் இரவு உன் முறை, அடுத்த வாரம் வேறு ஒருவர். உன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மாற்றிக்கொள்ளலாம். வழக்கு உன் பெயரில் இல்லை, அமைப்பின் பெயரில் இருக்கிறது. கைது செய்யப்பட்டால் உனக்காகப் பேச ஆள் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் கைதான ஐவருக்கு நடந்ததும் அதுவே. வழக்கறிஞர் மன்றம் அதே மாதத்தில் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானம் போட்டது. அன்று ஒருவர் மட்டும் தனியாக, யாருக்கும் சொல்லாமல் அந்த வாசலுக்குப் போயிருந்தால், மறுநாள் அது பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தியாக முடிந்திருக்கும்.

சட்ட உதவி மையங்களை நடத்துவது அரசாங்கப் பணமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் தம் கைப்பணத்தைப் போட்டுத்தான் அந்த நிதி சேர்கிறது. காவல் நிலையத்துக்குப் போக நேரமோ துணிச்சலோ இல்லாத வழக்கறிஞருக்கும் அந்தச் செலவில் பங்கு உண்டு.

நம் வீட்டுக்குள் இருக்கும் நீதிமன்றம்

சர்ச்சை அரசாங்கத்தோடு மட்டும் வருவதில்லை. சமயம் சார்ந்த வழக்குகளில் அது வேறு முகம் காட்டும். 2006-இல், மதம் மாறிய லினா ஜோயின் வழக்கோடு தொடர்புபட்டிருந்த வழக்கறிஞர் மாலிக் இம்தியாஸ் சர்வாருக்குக் கொலை மிரட்டல் சுவரொட்டியே வந்தது. ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தியின் வழக்கில் 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது, பல ஆண்டுகள் துணை நின்ற எம். குலசேகரன் உள்ளிட்ட வழக்கறிஞர்களை நம் சமுதாயம் மாலை போடாத குறையாகப் பாராட்டியது.

அதே சமுதாயம் போதைப்பொருள் வழக்குக்கு மட்டும் முகம் சுளிக்கிறது. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெரோயின் கடத்தியதற்காகச் சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிடப்பட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்று அவருக்காக வாதாடப்பட்டது. கடைசி நேரம் வரை மனு போட்ட எம். ரவி, வயலட் நெட்டோ இருவரும் 20,000 வெள்ளி செலவுத் தொகை கட்ட வேண்டும் என்று அந்நாட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கேயோ, "கடத்தினவனுக்கு எதுக்கு வக்காலத்து?" என்று கேட்டவர்கள் குறைவில்லை. மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதற்குப் பின்னால், இப்படித் திட்டு வாங்கிக்கொண்டே பல ஆண்டுகள் வாதாடியவர்களின் உழைப்பும் இருக்கிறது.

இளம் வழக்கறிஞர்களுக்கு இந்த இரட்டை நாக்குதான் புரியாத புதிர். தடுப்புக் காவலில் நம் பையன் இறந்தால் ஊரே வழக்கறிஞரைத் தேடுகிறது. அவன் உயிரோடு லோக்கப்பில் இருக்கும்போது, 'குண்டர் கும்பல் கேஸ்' என்று சொல்லி, அவனுக்காகப் போகும் வழக்கறிஞரின் அம்மாவிடமே கோயிலில் குறை சொல்கிறது. அந்தப் பையனை முதல் நாளே ஒரு வழக்கறிஞர் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை.

அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொண்டூழிய வழக்கறிஞரின் சுமையைப் பாதி குறைக்கக்கூடியவர்கள் குடும்பத்தினர்தான். நடு இரவில் அழைத்து அழுதுகொண்டே "எம் புள்ளைய புடிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னால், அடுத்த இரண்டு மணி நேரம் எந்த நிலையம் என்று தேடுவதிலேயே போய்விடும். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்த பிள்ளையென்றால், பெற்றோருக்கு அந்த நிலையத்தின் பெயரே தெரிந்திருக்காது.

பிடிபட்டவரின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், எங்கே எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எந்த நிலையத்துக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள், விசாரணை அதிகாரியின் பெயர், எந்தச் சட்டப் பிரிவு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். பிடிபட்டவருக்கு ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு போன்ற நோய் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரும் தேவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, கைதானவர் ஏன் கைது செய்யப்பட்டார் என்பதைத் தெரிந்துகொள்ளவும், விசாரிக்கப்படும் முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளவும் உரிமை தருகிறது. விசாரணை பாதிக்கப்படும் என்று காரணம் காட்டிக் காவல்துறை அதை மறுக்கவும் அதே பிரிவில் இடமிருக்கிறது. மறுத்தால், யார், எத்தனை மணிக்கு மறுத்தார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் வழக்கறிஞர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்.

வழக்கறிஞர் வந்து போன பிறகு, அவருடைய கைப்பேசி எண்ணைக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பத்துப் பேர் காலை பத்து மணிக்கு அழைக்கும்போது, அவர் ஜாலான் டூத்தாவில் வேறு ஒருவருடைய விவாகரத்து வழக்கில், மாஸ்டருக்குப் பின்னால், கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.